முதுகு காட்டாத பிரெஞ்சுப் படை

1. தாய்மாமன் இல்லாத கல்யாணம்

1993-ல் என் மச்சான் துபாயிலிருந்து ஒரு வீடியோ கேமரா கொண்டுவந்தார். தோளில் வைத்தால் தோள் ஒரு பக்கம் இறங்கிவிடும், அத்தனை கனம். கோட்டக்குப்பத்தில் எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடாவில் இருந்தார்கள். பாஸ்போர்ட் எடுத்தும் விசா வராமல் தெருவில் சுற்றிக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான். "நீ இங்கியே கெட. இத வச்சி பொழச்சிக்கோ" என்று கேமராவை என் மடியில் போட்டுவிட்டு மச்சான் விமானம் ஏறிவிட்டார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு அறை பிடித்து போர்டு மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தால் படம் ஓடுகிறது என்பதைத் தவிர அந்தத் தொழிலில் எனக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது.

முதல் கல்யாணம் கிளியனூரில். மாப்பிள்ளையைப் பிடித்தேன், பெண்ணைப் பிடித்தேன், ஓமப்புகைக்குள் தலையை விட்டு ஐயரைப் பிடித்தேன். பந்தியில் சாம்பார் வாளியைக்கூட விடவில்லை. ஒரு வாரம் கழித்து பெண் வீட்டில் கேசட்டைப் போட்டோம். தெருவே கூடிப் பார்த்தது. முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. பெண்ணின் அம்மா மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"எங்கண்ணன் எங்க?"

அண்ணன் என்றால் பெண்ணுக்குத் தாய்மாமன். அவர் மாலை போட மேடை ஏறிய நேரத்தில் நான் பேட்டரி மாற்றப் போயிருந்தேன். மாமன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப நான் இல்லாமலே கல்யாணம் ஆயிருச்சா? ஆவட்டும்" என்று வாசலுக்குப் போனார். அவரைக் கூப்பிடப் பத்துப் பேர் ஓட, அவர்களோடு நானும் ஓடினேன். கடைசியில் மாப்பிள்ளையும் பெண்ணும் மறுபடி பட்டு உடுத்த, மறுபடி மாலை வாங்கி, வீட்டுச் சுவரில் ஒரு புடவையைத் தொங்கவிட்டு, மாமன் மறுபடி மாலை போட்டார். போட்டுவிட்டு கேமராவைப் பார்த்து, "எரியுதாடா லைட்டு?" என்று கேட்டார். அதுவும் கேசட்டில் இருக்கிறது.

கல்யாண வீடியோவில் கேமரா ஆடலாம், கலர் வெளுக்கலாம், பாட்டு பொருந்தாமல் போகலாம். ஒரு முகம் விட்டுப்போகக் கூடாது. அன்றிலிருந்து நான் வெட்டி ஒட்டி மிக்சிங் பண்ணின எல்லா வீடியோவிலும் கடைசியில் ஒரு பகுதி உண்டு. வந்தவர்கள் எல்லாருடைய முகமும் வரிசையாக வரும், கீழே பேர் ஓடும், மேலே 'கலந்துகொண்டு சிறப்பித்தவர்கள்' என்று டைட்டில் மின்னும். இந்தப் பகுதிக்காகவே என்னிடம் வந்தவர்கள் உண்டு. மற்றதைப் பார்த்து ஓடிப்போனவர்களும் உண்டு.

2. சண்டைக்கு ஆர்டர்

பதினைந்து பதினாறு வருஷம் போயிற்று. கேசட் போய் சி.டி. வந்தது, தோள் கேமரா போய்க் கையடக்கக் கேமரா வந்தது, மிக்சிங் எல்லாம் கம்ப்யூட்டரில் என்று ஆயிற்று. கூடவே கரன்ட்டும் போய்விட்டது. தினமும் மின்வெட்டு. அந்த நாட்களில் ஒரு மத்தியானம் ஒரு டீச்சரும் இரண்டு பிள்ளைகளும் மாடியேறி வந்தார்கள்.

"பாய், ஒரு சண்டை எடுக்கணும்" என்றார் டீச்சர்.

"மண்டபத்துலயா டீச்சர்? பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா?"

"இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும்."

கலைச்செல்வி டீச்சர் ஊரிலிருந்த ஒரு பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வரலாறு எடுப்பவர். கூட வந்தவர்கள் பிளஸ் ஒன் பிள்ளைகள். தேன்மொழி பெருமுக்கல் மலைப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். அய்யனார் மரக்காணத்தை ஒட்டிய கடலோரக் குப்பத்துப் பையன். விழுப்புரத்தில் மாவட்ட அளவில் ஒரு போட்டி. நம் பகுதியில் நடந்த ஒரு போரைப் பற்றி ஆராய்ச்சி செய்து, படம், குரல், இசை எல்லாம் சேர்த்து மல்டிமீடியா சி.டி.யாகக் கொண்டுபோக வேண்டும்.

"பள்ளிக்கூடத்துலயே கம்ப்யூட்டர் இருக்குமே?" என்றேன்.

"இருக்கு. சயின்ஸ் குரூப் பிள்ளைங்களுக்கு. எங்களுக்கு அந்த ரூமோட வாசப்படிதான்."

அப்புறம்தான் விஷயம் வந்தது. வரலாறு குரூப்பில் சேர ஆள் குறைந்துகொண்டே வந்தது. வகுப்பில் இருந்த பிள்ளைகளை இரண்டே பெஞ்சில் உட்காரவைத்துவிடலாம். ஹெச்.எம். டீச்சரைக் கூப்பிட்டு, "வர்ற ஜூன்ல உங்க குரூப்ப எடுத்துட்டு அந்த ரூம்ல லேப் போடப் போறேன். இருக்கற பிள்ளைங்க பிளஸ் டூவ விழுப்புரத்துல போய்ப் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். டீச்சர் கெஞ்சினதில், "சரி, மாவட்டத்துல ப்ரைஸ் வாங்கினு வாங்க. அப்ப யோசிக்கறேன்" என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தார்.

"விழுப்புரம் போய்ப் படிச்சா என்ன, பஸ்தான் இருக்கே?" என்றேன் நான், வாய் சும்மா இருக்காமல்.

தேன்மொழி என்னை நேராகப் பார்த்தாள். "எங்கப்பா திண்டிவனத்துக்கே இன்னும் மனசில்லாமத்தான் அனுப்புறாரு. விழுப்புரம்னா படிப்பே வேணாம்னுடுவாரு. குரூப்ப மூடினா நான் கடலைக் கொல்லையில மல்லாட்டை பிடுங்கப் போவணும் பாய். அவ்ளோதான்."

அழுது சொல்லியிருந்தால் நான் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னாள். அதில்தான் நான் மாட்டினேன்.

3. பனியில் நிற்கும் குதிரை

அதுவரை அவர்கள் என்ன ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள் என்று கேட்டேன். பிரவுசிங் சென்டரில் இறக்கிய படங்களை ஒரு சி.டி.யில் வைத்திருந்தார்கள். சிவப்புக் கோட்டு, கொம்புத் தொப்பி, குதிரை, பீரங்கி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"இத எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுங்க" என்றாள் தேன்மொழி.

"ஏம்மா?"

"குதிரையோட கால பாருங்க."

பெரிதுபண்ணிப் பார்த்தேன். குதிரையின் குளம்பு வெள்ளைவெளேரென்ற பனியில் புதைந்திருந்தது. அது வேறு எந்த நாட்டுச் சண்டையோ. அய்யனார் சிரித்தான். "பக்கத்து ஸ்கூல் பசங்களும் இதே படத்தத்தான் எறக்கினு போயிருக்காங்க பாய். மாவட்டம் பூரா பனி பெய்யப் போவுது."

படத்தைத் தூக்கிப் போட்டால் கையில் என்ன இருக்கிறது? லைப்ரரியில் ஒரு தடித்த புத்தகத்திலிருந்து டீச்சர் எழுதிவந்த இரண்டு பத்தி இருந்தது. 1760-ல் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்த ஆங்கிலப் படை, புதுச்சேரியை நோக்கி இறங்கி வந்தபோது வழியில் பெருமுக்கல் மலைக்கோட்டையைப் பிடித்தது. அந்தச் சண்டையில் ஆங்கிலத் தளபதிக்கு முழங்காலில் அடிபட்டது. அவ்வளவுதான்.

"யார் யார் செத்தாங்க?" என்று கேட்டேன். தொழில் புத்தி.

"ரெண்டு பக்கமும் சிப்பாய்ங்கள்ல நம்ம ஆளுங்களும் இருந்திருக்காங்க பாய். பேரு ஒண்ணுகூட இல்ல. முட்டிக்கு மட்டும் கணக்கு வச்சிருக்காங்க" என்றாள் தேன்மொழி.

அப்போது எனக்குக் கிளியனூர் மாமன் ஞாபகம் வந்தார். ஒரு மாமனை விட்டதற்கே கல்யாணத்தைத் திரும்ப நடத்தவைத்தார்கள். இங்கே ஒரு மலை நிறைய ஆட்களை விட்டுவிட்டு, ஒரு முட்டியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இதை எடுத்தவன் நம்மூர் மண்டபத்துக்கு வந்திருந்தால் உருப்படியாகத் திரும்பியிருக்க மாட்டான்.

"மலை அங்கியேதான இருக்குது? போய் எடுத்துடலாம்" என்றேன்.

4. ஜெயிக்க ஆள் கிடைக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை மலையடியில் ஊர் கூடிவிட்டது. எல்லாரும் நடிக்கத் தயார். ஒரு சிக்கல்தான். எல்லாருமே பிரெஞ்சுக்காரர்கள்.

தேன்மொழியின் அப்பா முருகேசன் முன்னால் நின்றார். ஆறடி ஆள், மீசை தனி. "நாங்க இங்கிலீஷ்காரனா நிக்க மாட்டோம் டீச்சர். தப்பா எடுத்துக்காதீங்க."

"படத்துல அவங்கதாங்க ஜெயிக்கறாங்க" என்றார் டீச்சர்.

"ஜெயிச்சி இன்னா பண்றது? எங்க பெரியப்பா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு. பெரியம்மாவுக்குப் பாண்டிச்சேரில இன்னிக்கும் பென்ஷன் வருது. நான் சிவப்புக் கோட்ட மாட்டிக்கினு பிரெஞ்சுக்காரன சுட்டத எவனாவது சி.டி. போட்டுக் காட்டி, பென்ஷன் நின்னுபோச்சின்னா? யார் பதில் சொல்றது?"

சி.டி. திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் வரைதான் போகும், பிரான்சுக்குப் போகாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. "எதுக்குப் பேஜாரு?" என்று எல்லாருமே பிரெஞ்சுப் பக்கம் போய் நின்றார்கள். எதிர்ப்பக்கத்தில் நானும் என் கேமராவும் மட்டும்.

அய்யனார் செல்போனை எடுத்தான். ஒரு மணி நேரத்தில் குப்பத்திலிருந்து ஒரு டெம்போ நிறைய ஆட்களும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். அவன் சித்தப்பா செல்வம் முன்சீட்டிலிருந்து குதித்தார். "ஜெயிக்கறது யாரு? இங்கிலீஷ்காரனா? அப்ப நாங்க ரெடி. தோக்கறதுன்னா சொல்லிடு, வலைய பிரிச்சிப் போட்டுட்டு வந்துருக்கோம், போய்க்கினே இருப்போம்." ஆங்கிலப் படைக்குத் தளபதி கிடைத்தார். முட்டியில் அடிபடும் என்று சொன்னோம். "படட்டும். ஜெயிச்சப்புறமா, முன்னாடியா?" என்று கேட்டார். முன்னாடி என்றதும் கொஞ்சம் யோசித்தார். அப்புறம் சரி என்றார்.

உடை விஷயத்தில் எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது. ஆங்கிலேயருக்குப் பள்ளிக்கூட பேண்டு பிள்ளைகள் போடுகிற சிவப்புக் கோட்டு. கை முழங்கையோடு நின்றது, பட்டன் சேரவில்லை, ஆனால் சிவப்பு சிவப்புதான். பிரெஞ்சுக்காரருக்கு, கல்யாணங்களில் எனக்குப் பழக்கமான ஒரு பேண்டு செட்டிடம் நீலக் கோட்டுகளை இரவல் கேட்டு வாங்கியிருந்தேன். தோளில் தங்க ஜரிகை, மார்பில் பித்தளைப் பட்டன். முருகேசன் மாட்டிக்கொண்டு நின்றால் புதுச்சேரி கவர்னரே வந்து கைகொடுப்பார் போலிருந்தது.

அவர் மலையைப் பார்த்துத் திரும்பினார். முதுகில் பெரிய வெள்ளை எழுத்தில் பேண்டு செட்டின் பேர். அதன் கீழே 'சுபகாரியங்களுக்கும் இறுதி ஊர்வலங்களுக்கும் அணுகவும்'. அதற்கும் கீழே செல் நம்பர்.

பதினாறு வருஷமாக அந்த பேண்டு செட்டை நான் எதிரிலிருந்துதான் எடுத்திருக்கிறேன். ஊர்வலத்தில் கேமராக்காரன் முன்னால் நடப்பவன். அவர்களுக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று.

டீச்சர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கோட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம், உள்துணி மஞ்சள் பூப்போட்டது. துண்டு கட்டி மறைத்தால் காவடி எடுக்க வந்தவர்கள் போல இருந்தார்கள். தேன்மொழிதான் சொன்னாள்.

"யாரும் திரும்பாதீங்க."

"தோத்து ஓடும்போது?" என்றார் முருகேசன்.

"திரும்பாம ஓடுங்கப்பா."

5. பின்னடி வைத்து ஒரு பின்வாங்கல்

பாறையும் முள்ளுமாக இருக்கும் மலையில் முகத்தை எதிரிக்குக் காட்டிக்கொண்டு மேல்நோக்கிப் பின்னடி வைத்து ஏறுவது எத்தனை கஷ்டம் என்பதை அன்றைக்கு ஒரு படையே தெரிந்துகொண்டது. முதல் டேக்கில் பாதிப் படை காரைமுள் புதரில் உட்கார்ந்தது. இரண்டாவது டேக்கில் செல்வம் ஆட்கள் சிரித்து உருண்டார்கள், ஜெயிக்க வேண்டிய படை எழுந்திருக்கவே இல்லை. தீபாவளியில் மிச்சமான அணுகுண்டு வெடிதான் பீரங்கி. அது வெடித்ததில் ஒரு ஆடு பயந்து இரண்டு படைக்கும் நடுவே ஓட, ஆட்டுக்காரர் வந்து இரண்டு நாட்டையும் சேர்த்துத் திட்டினார்.

மூன்றாவது டேக்கில் விழவில்லை. முருகேசன் கையில் மூங்கில் கழியை ஏந்தி, எதிரிகளை முறைத்துப் பார்த்தபடி, ஒவ்வொரு அடியாகப் பின்வைத்து ஏறினார். அவருக்குப் பின்னால் ஊர் ஆட்கள் ஏறினார்கள். ஒருத்தரும் திரும்பவில்லை. வியூபைண்டரில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே சிரிப்பு நின்றுவிட்டது. முதுகில் இருந்த செல் நம்பருக்காக அப்படி ஏறுகிறார்கள் என்று தெரியும். இருந்தும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் எடுத்து முடித்தேன்.

செல்வத்துக்கு முட்டியில் குண்டு பட்ட காட்சிதான் கடைசி. மனிதர் அப்படியே சரிந்து "அய்யோ அம்மா" என்று போட்ட சத்தத்தில், பிரெஞ்சு வீட்டுப் பெண்கள் இருவர் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடிவந்து இங்கிலீஷ் தளபதிக்கு முட்டி நீவினார்கள். அந்த டேக் வீண், மனிதர் மறுபடி சரிய வேண்டியிருந்தது.

கிளம்புவதற்கு முன் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொரு முகமாக எடுத்தேன். பேரைச் சொல்லச் சொன்னேன். தேன்மொழி எழுதிக்கொண்டாள். நடிக்காமல் வேடிக்கை பார்த்த பிள்ளைகளும் ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். விடவில்லை, அவர்களையும் எடுத்தேன். ஆட்டுக்காரரையும் எடுத்தேன். ஒரு மாமன் போதும் வாழ்க்கைக்கு.

6. ரோஜாப்பூ

மிக்சிங்கில் ஒரு சௌகரியம் உண்டு. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். ஒரு கல்யாணத்தைச் செய்துவைத்தால் அதன் மேலேயே அடுத்த கல்யாணத்தின் படங்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், இதைத்தான் டெம்ப்ளேட் என்போம். பழக்கதோஷத்தில் சண்டையையும் அப்படித்தான் ஒரு கல்யாணத்தின் மேல் ஏற்றினேன். இதயம், ஜோடிப்புறா, ரோஜா இதழ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, தேன்மொழியின் குரலைச் சேர்த்து, கடைசியில் முகங்களை வைத்து ரெண்டர் போட்டேன். ரெண்டர் என்றால் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சமைத்துத் தருவது. அடுப்பில் பாதியில் இருக்கும்போது கரன்ட் போனது. யு.பி.எஸ். கொஞ்சம் கத்திவிட்டு அதுவும் போய்ச் சேர்ந்தது.

கரன்ட் வந்து பார்த்தால், கடைசியாகச் செய்த திருத்தங்கள் காணோம். மறுபடி வேலை செய்தோம். ஜல்தி ஜல்தி என்று டீச்சர் வாசலில் நின்றார், மறுநாள் காலையில் விழுப்புரத்தில் சி.டி. இருக்க வேண்டும். புறாவை எடுத்தேன், இதயத்தை எடுத்தேன். அடுத்த மின்வெட்டுக்கு முன்னால் சி.டி. ரைட் ஆகி வெளியே வந்தது. போட்டுப் பார்க்க நேரமில்லை. உறையில் போட்டுக் கொடுத்தேன்.

7. விழுப்புரம்

மறுநாள் நானும் போனேன். ஒரு பெரிய ஹால். நடுவர் மூன்று பேரில் நடுவில் இருந்தவர் ரிட்டயர்டான வரலாற்றுப் பேராசிரியர் என்றார்கள். அய்யனார் சொன்னது பலித்தது: நான்கு பள்ளிகளின் சண்டையில் ஒரே குதிரை ஒரே பனியில் நின்றது. ஒரு தனியார் பள்ளி மட்டும் கிராபிக்ஸ் போட்டு மிரட்டியது.

எங்கள் படம் ஆரம்பித்தது. மலை வந்தது, படை வந்தது, ஹால் கவனித்தது. செல்வத்துக்கு முட்டியில் குண்டு பட்டது. அவர் சரிந்தார். மேலிருந்து அவர்மேல் ரோஜா இதழ்கள் கொட்டின.

கொஞ்சநஞ்சமில்லை. தாலி கட்டும் இடத்துக்காக நான் தாராளமாக வைத்திருந்த அத்தனை இதழும் கொட்டியது. ஹால் வெடித்துச் சிரித்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். நான் நாற்காலிக்குக் கீழே போகலாமா என்று பார்த்தேன். அதோடு விட்டதா? முடிவில் இரண்டு படையின் முகங்களும் வரிசையாக வர, மேலே தங்க எழுத்தில் மின்னியது: 'போரில் கலந்துகொண்டு சிறப்பித்தவர்கள்'. 'போரில்' என்று சேர்த்தது நான்தான். அது போதும் என்று அப்போது நினைத்திருந்தேன்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. மைக்கை இழுத்துத் தேன்மொழியைக் கேட்டார். "பிரெஞ்சுப் படை முதுகு காட்டாம பின்வாங்கறதா காட்டியிருக்க. இதுக்கு என்னம்மா ஆதாரம்?"

ஒரு நல்ல பொய் சொல்லேன் என்று மனசுக்குள் துவா செய்தேன். பழைய ஓலைச்சுவடி, கல்வெட்டு, ஏதாவது.

"ஆதாரம் இல்ல சார்" என்றாள். "முதுகுல பேண்டு செட்டு பேரு இருந்துச்சி சார். அது தெரியக்கூடாதுன்னு அப்படி நடந்தாங்க."

மறுபடி சிரிப்பு. அவள் அது அடங்கும்வரை நின்றாள். "அவங்க எப்படிப் பின்வாங்கினாங்கன்னு நாங்க படிச்ச புக்குல இல்ல சார். மலைய புடிச்சது இருக்கு. முட்டியில அடிபட்டது இருக்கு. பாக்கி நாங்க போட்டது. பூ மிஸ்டேக்ல விழுந்தது."

"கடைசியில வந்த பேரெல்லாம்?"

"நடிச்சவங்க பேரு சார். செத்தவங்க பேரு எங்கயும் கெடைக்கல. பேரில்லாம மூஞ்சிய போடக்கூடாதுன்னு வீடியோ பாய் சொன்னாரு. அதான் எங்க ஊர்க்காரங்க பேர போட்டோம்."

பேராசிரியர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். "எது தெரியும், எது தெரியாதுன்னு இன்னிக்கு இங்க பிரிச்சிச் சொன்னது நீ ஒருத்திதாம்மா" என்றார். இரண்டு பக்கத்து நடுவர்களும் தலையாட்டினார்கள். முதல் பரிசு கிராபிக்ஸுக்குப் போனது. எங்களுக்கு ஆறுதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டப்பா. பஸ்ஸில் வரும்போது தேன்மொழி அதை மடியில் வைத்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கு அந்த இதழ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிடலாம் போல ஆத்திரம் வந்தது.

ஹெச்.எம். டப்பாவைத் திறந்து பார்த்தார். "ஆறுதல் பரிசா? இத பார்த்தப்புறம் எனக்குத்தான் ஆறுதல் வேணும்" என்றார். ஜூனில் குரூப் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

8. சண்டை குரூப்

ஊரில் எடுத்ததை ஊரில் போட்டுக் காட்டாமல் விட்டால் அந்த வழியாக அப்புறம் நடக்க முடியாது. சித்திரையில் மலையடி ஊரில் அம்மன் கோவில் திருவிழா. திரை கட்டிப் போட்டேன். இந்த முறை இதழ்களை எடுத்துவிட்டுத்தான் போட்டேன். குப்பத்து ஆட்களும் டெம்போ பிடித்து வந்திருந்தார்கள். கடைசியில் முகங்கள் வந்தபோது ஒவ்வொரு பேருக்கும் விசில். வேடிக்கை பார்க்க வந்து வரிசையில் நின்ற பிள்ளைகள் தங்கள் முகத்தைப் பார்த்து நாற்காலிமேல் ஏறிக் குதித்தார்கள். முருகேசன் பின்னடி வைத்து மலையேறிய இடத்தை மூன்று தடவை ரீவைண்ட் பண்ணச் சொன்னார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். மகளைப் பள்ளியை விட்டு நிறுத்துவது பற்றி அன்றைக்கு அவரிடம் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. அட்மிஷன் போட்டோ எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஹெச்.எம். அறை வாசலில் கூட்டம். மலையடி ஊரிலிருந்தும் குப்பத்திலிருந்தும் பத்தாவது பாஸான பிள்ளைகள், முந்தின வருஷம் பாஸாகிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் என்று வராண்டா நிறைய நின்றார்கள். எல்லாருடைய முகமும் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றையும் நான் குளோசப்பில் வைத்து, கீழே பேர் அடித்திருக்கிறேன்.

முன்னால் முருகேசன் நின்றார். பக்கத்தில் தேன்மொழி.

"இன்னாங்க இது கூட்டம்?" என்றார் ஹெச்.எம்.

"சண்டை குரூப்புல சேக்கணும் சார்."

"சண்டை குரூப்பா? அப்படி ஒண்ணு இல்ல. வரலாறு குரூப்ப சொல்றீங்களா? அதத்தான் எடுத்துட்டோம். கூட்டினு போங்க."

முருகேசன் நகரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தவர் மடிப்பை இறக்கி விட்டுக்கொண்டார். குரலில் மரியாதை குறையவில்லை.

"பசங்க கேட்டுக்கினு வந்துட்டாங்க சார். இவங்க யாரும் விழுப்புரம் போற பசங்க இல்ல, நானும் என் பொண்ண அனுப்பற ஆளில்ல. இங்கதான் படிக்கணும். நீங்க இல்லன்னா திரும்பிப் போன்னு சொல்றீங்க. தோத்துப்போன படத்துலயே நான் திரும்பல சார். இங்கயா திரும்புவேன்?"

ஹெச்.எம். அவரைப் பார்த்தார், வராண்டாவைப் பார்த்தார். சும்மா நின்ற என்னையும் ஒரு முறை முறைத்தார். அப்புறம் பியூனைக் கூப்பிட்டு, "வரலாறு ரூம காலி பண்ணு. அந்த லேப் டேபிளையெல்லாம் மறுபடி பழைய எடத்துலயே போடு" என்றார்.

தேன்மொழி பிளஸ் டூ அங்கேயே முடித்தாள். மேலே படித்து இப்போது அவளும் டீச்சர்.

எனக்கு வயசாகிவிட்டது. கல்யாணங்களை இப்போது ட்ரோனில் எடுக்கிறார்கள். மேலேயிருந்து பார்த்தால் மண்டபம் தெரியும், மாமன் தெரிய மாட்டார். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். டெம்ப்ளேட்டைத் திறந்தால் முழுக்கக் காலி பண்ணிவிட்டுத் தொடங்குங்கள், பூ எங்கேயாவது ஒளிந்திருக்கும். இரவல் வாங்கும் கோட்டை முதலில் முதுகுப் பக்கம் பாருங்கள். வரிசையில் வந்து நிற்கிற ஒரு முகத்தையும் விடாதீர்கள். ஜூன் மாதம் வராண்டாவில் வந்து நிற்கப் போவது யார் என்று எடுக்கும்போது நமக்குத் தெரியாது.